மரம் அறுக்கும் மெஷினுக்கு நாமே செயின் கோர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மரம் அறுக்கும் கை மெஷின் (செயின் சா) வைத்திருப்பவர்கள் பல வகை. மாதவரம், செங்குன்றம் பக்கத்து மரக்கடைக்காரர்கள், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை விறகுத் தொட்டிக்காரர்கள், காசிமேட்டில் படகு வேலை பார்க்கும் தச்சர்கள், புயல் அடித்தால் மட்டும் மெஷினைத் தூசு தட்டி எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள். மூலக்கடையில் என் பட்டறைக்கு வந்து இவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். செயின் பிரேக்கர், ரிவெட் ஸ்பின்னர் என்ற இரண்டு கருவிகளைச் சுற்றியே அவை வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டை மிச்சம்.

இந்த இரண்டு கருவிகளும் என்ன செய்கின்றன?

பிரேக்கர் கழற்றும், ஸ்பின்னர் கோர்க்கும். பிரேக்கரில் ஒரு நீண்ட கைப்பிடி, அதன் முனையில் மெல்லிய பஞ்ச், கீழே பள்ளம் வெட்டிய பட்டறைக்கல். கைப்பிடியை அழுத்தினால் பஞ்ச், செயின் துண்டுகளை இணைக்கும் சிறு ஆணியான ரிவெட்டைத் துளையிலிருந்து கீழே தள்ளிவிடும். ஸ்பின்னரில் ஒரு பக்கம் அசையாத தாங்கி, எதிரே சுழலும் தலை. சுற்றுப்பிடியைச் சுற்றச் சுற்ற அந்தத் தலை ரிவெட்டின் முனையைத் தேய்த்து விரித்து, கம்பெனியில் செய்ததுபோல வட்டத் தலையாக்கும். அது அடிப்பதில்லை, உருட்டி விரிக்கிறது. ஸ்பின்னருக்கு மரியாதை அந்த ஒரு வேறுபாட்டால்தான்.

பிரேக்கரை மட்டும் வாங்கிவிட்டு, கோர்ப்பதற்குச் சுத்தியல் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் கீழே தனியாக இருக்கிறது.

என்னிடம் ஒரே ஒரு மெஷின்தான். வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்கு, பொருந்தும் தயார் செயின்கள் இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நல்ல பிரேக்கரும் ஸ்பின்னரும் சேர்ந்தால் பல செயின்களின் விலை ஆகும். நான்கைந்து மெஷின் ஓட்டுபவர், வெவ்வேறு நீளப் பார் வைத்திருப்பவர், பழுது பார்ப்பவர், இவர்களுக்குத்தான் அந்தப் பணம் திரும்பி வரும்.

ரீலாக (வெட்டாத நீளச் சுருளாக) வாங்கினால் உண்மையிலேயே லாபமா?

கணக்கைப் பாருங்கள். 3/8 இன்ச் பிட்ச் (ரிவெட்டுகளின் இடைவெளி அளவு) உள்ள 100 அடி ரீலில் ஏறத்தாழ 1640 டிரைவ் லிங்க் இருக்கும். டிரைவ் லிங்க் என்பது பாரின் காடிக்குள் ஓடும் அந்தக் கூர்மையான அடிப்பல். 20 இன்ச் பாருக்கு 72 லிங்க் என்று வைத்தால் 22 செயின் கிடைக்கும். 56 லிங்க் மிஞ்சும். அந்த மிச்சம் சிறிய பாருக்கோ, பழுதுக்கான உதிரியாகவோ போகும். ஆக, வீணாவது மிகக் குறைவு.

ஆனால் இந்த லாபம் ஒரே பிட்ச், ஒரே கேஜில் (தடிமனில்) நிறைய ஓட்டுபவருக்குத்தான். உங்களிடம் உள்ள நான்கு மெஷினும் நான்கு அளவு என்றால் நான்கு ரீல் வாங்கி அலமாரியில் துருப்பிடிக்க விடுவதில் என்ன லாபம்? முதலில் எல்லா மெஷினுக்கும் பாரையும், செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். 25 அடி ரீலும் கிடைக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும்.

என் செயினின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று எண்கள் வேண்டும்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. "இருபது இன்ச் செயின் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போய்விட்டு மறுநாள் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். ஒரே 20 இன்ச் பாருக்கு .325 பிட்சில் 76 லிங்க் வரலாம், 3/8 பிட்சில் 72 வரலாம். இன்ச் என்பது பாரின் நீளம். செயினுக்கு அது முகவரி ஆகாது.

பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, இரண்டால் வகுக்க வேண்டும். மூன்று ரிவெட்டுக்கு இடையே 16.5 மி.மீ. வந்தால் .325, 18.6 மி.மீ. பக்கம் வந்தால் 3/8, 20.5 மி.மீ. என்றால் .404. தேய்ந்த செயின் சற்றுக் கூடுதலாகக் காட்டும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கேஜ்: டிரைவ் லிங்கின் தடிமன். வழக்கமாகக் காண்பவை 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. பாரின் காடியும் இதே அளவாக இருக்க வேண்டும். தடித்த லிங்க் காடிக்குள் நுழையாது, தப்பித்தோம். மெல்லிய லிங்க் நுழைந்துவிடும், ஆபத்து அங்கேதான். 1.6 காடியில் 1.3 செயின் ஆடிக்கொண்டே ஓடி, வெட்டைக் கோணலாக்கிப் பாரையும் தின்றுவிடும்.

செயினிலேயே முத்திரை இருக்கிறது. ஸ்டில் கம்பெனி செயினில் டிரைவ் லிங்கின் மேல் உள்ள ஓர் எண் கேஜைச் சொல்லும்: 1 என்றால் 1.1, 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு கட்டையில் உள்ள எண் பிட்ச்: 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404. ஓரிகன் கம்பெனி செயினில் வேறு முறை. அங்கே டிரைவ் லிங்கில் 72, 73, 75 என்றிருந்தால் மூன்றுமே 3/8 பிட்ச். கேஜ் முறையே 1.3, 1.5, 1.6. 20, 21, 22 என்றிருந்தால் .325 பிட்ச், அதே கேஜ் வரிசை. 91 என்றால் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த ரகம்), 1.3.

இந்த 72 பலரைக் குழப்பியிருக்கிறது. லிங்கில் 72 என்று பார்த்ததும் "எழுபத்திரண்டு லிங்க் செயின்" என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அது செயினின் ரகம். எண்ணிக்கையை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

3/8 லோ புரொஃபைலும் 3/8-ம் ஒன்றுதானே?

இல்லை. பிட்ச் எண் ஒன்றே தவிர உடல் வேறு. ஒன்றின் டை ஸ்ட்ராப்பை, அதாவது லிங்குகளைப் பக்கவாட்டில் இணைக்கும் தகட்டை, இன்னொன்றில் போடாதீர்கள்.

எண்ணும்போது தவறு வராமல் இருக்க வழி?

பத்துப் பத்தாக எண்ணிச் சாக்பீஸால் குறியிடுங்கள். பெஞ்சில் இரண்டு ஆணி அடித்து, அடிக்கடி தேவைப்படும் நீளத்துக்கு ஒரு மாதிரிச் செயினை மாட்டி வைத்தால் இன்னும் நல்லது. புதிய செயினை அதன் பக்கத்தில் படுக்கவைத்துப் பல்லுக்குப் பல் ஒப்பிடலாம். ஒரு லிங்க் குறைந்தால் பாரில் ஏறாது. ஒன்றிரண்டு கூடினால் டென்ஷன் திருகின் எல்லை முடிந்த பிறகும் செயின் தொங்கும்.

கோர்த்த இடத்தில் இரண்டு இடப்பக்கப் பற்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன. தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. சாதாரணச் செயினில் ஓர் இடப்பல், ஒரு டை ஸ்ட்ராப், ஒரு வலப்பல், ஒரு டை ஸ்ட்ராப் என்று வரிசை போகும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு டிரைவ் லிங்க். அதாவது நான்கு டிரைவ் லிங்குக்கு ஒரு முறை வரிசை திரும்புகிறது. எண்ணிக்கை நான்கால் வகுபட்டால், 56, 60, 72, 76, 84 என்றால், கோர்க்கும் இடம் கண்ணுக்கே தெரியாது. 22 இன்ச் பாருக்கு வரும் 86 லிங்க் செயினில் பற்கள் 43. ஒற்றைப்படை என்பதால் ஓர் இடத்தில் ஒரே பக்கப் பற்கள் அடுத்தடுத்து வந்தே தீரும். 81 போல லிங்க் எண்ணிக்கையே ஒற்றைப்படை என்றால் ஓர் இடத்தில் பல் இல்லாமல் இரண்டு டை ஸ்ட்ராப் சேர்ந்து நிற்கும். மரத்துக்கு அது தெரியாது.

76 லிங்க் செயினில் இப்படி வந்திருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். எண்ணியது பிசகியிருக்கலாம், அல்லது முன்பு பழுது பார்த்தவர் பக்கம் மாற்றிப் பல் போட்டிருக்கலாம்.

இந்த இட, வலப் பல் அமைப்புக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-ல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு இழையோடும் குறுக்கேயும் தடையின்றிக் குடைந்துபோவதைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமும் மாறி மாறிச் செதுக்குவதைப் பார்த்து, அதே வடிவில் எஃகில் பல் செய்தார். 1947-ல் கம்பெனி தொடங்கினார். இன்று உங்கள் மெஷினில் எந்தப் பெயர் பொறித்த செயின் ஓடினாலும் அதன் பல் அந்தப் புழுவின் வாரிசுதான்.

பிரேக்கரில் கழற்றும் முறையைச் சொல்லுங்கள்.

கழற்றும் இடம் எப்போதும் டை ஸ்ட்ராப். 72 லிங்க் வேண்டுமென்றால், 72-வது டிரைவ் லிங்கை அடுத்து வரும் டை ஸ்ட்ராப்பின் இரண்டு ரிவெட்டையும் தள்ள வேண்டும். அந்த ஸ்ட்ராப் ஜோடி கீழே விழும். செயினின் இரு முனையிலும் டிரைவ் லிங்க் நிற்கும். பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இணைத்தால் வரிசை கெடும், ஒரு பல்லும் போகும்.

செயினைப் பட்டறைக்கல்லின் பள்ளத்தில், அதன் அளவுக்கு உரிய இடத்தில், ஆடாமல் உட்கார வையுங்கள். ரிவெட் தலையின் நடுவில் பஞ்ச் நிற்கிறதா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு சீராக ஒரே அழுத்து. குத்தாதீர்கள். பஞ்ச் ஓரத்தில் பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: பஞ்ச் முனை ஒடியும், அல்லது டிரைவ் லிங்கின் துளை நசுங்கும். பஞ்ச் தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். நசுங்கிய துளை தெரியாமல் அடுத்த செயினுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிவெட் வெளியேறியதும் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அந்த லிங்கை ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடி அணியாமல் இந்த வேலை வேண்டாம். ஒடிந்த பஞ்ச் முனை எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பின்னரில் கோர்ப்பது எப்படி?

இணைப்புக்கு இரண்டு உதிரிகள் தேவை. ஒன்று, இரண்டு ரிவெட்டும் முன்பே பொருத்திய பிரீசெட் டை ஸ்ட்ராப். மற்றொன்று வெறும் டை ஸ்ட்ராப். இரண்டும் அந்தச் செயின் ரகத்துக்கே உரியவையாக இருக்க வேண்டும். பாரிமுனைக் கடைகளில் கேட்கும்போது பழைய துண்டொன்றைக் கையில் கொண்டுபோங்கள்.

செயினை மேசையில் முறுக்கில்லாமல் பரப்பி, எல்லாப் பற்களும் ஒரே திசையைப் பார்ப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரீசெட்டின் ரிவெட்டுகளை இரு முனை டிரைவ் லிங்குகளிலும் நுழைத்து, மேலே வெறும் ஸ்ட்ராப்பை வையுங்கள். அதற்கு மேல் கீழ் உண்டு. பக்கத்து ஸ்ட்ராப் எப்படி நிற்கிறதோ அப்படியே நிற்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பாரின் தண்டவாளத்தில் உரசும்.

இனி ஸ்பின்னர். ரிவெட்டின் அடி தாங்கியில் பதிய வேண்டும், முனை சுழலும் தலையின் நடுவில் இருக்க வேண்டும். தலை ரிவெட்டைத் தொடும்வரை திருகை முறுக்கி, சுற்றத் தொடங்குங்கள். ஒரு கை சுற்ற, மறு கை திருகை இம்மி இம்மியாக நெருக்க வேண்டும். முதல் சில சுற்றுகளில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு முனை மினுங்கத் தொடங்கும், ஓரம் மெல்ல வெளியே சாயும். அப்போது அவசரப்பட்டுத் திருகை இறுக்கினால் தலை ஒரு பக்கமாக வழிந்துவிடும். நான் முதல் ரிவெட்டைப் பாதி விரித்ததும் நிறுத்தி, இரண்டாவதைப் பாதி விரித்து, பிறகு முதலாவதற்குத் திரும்புவேன். ஸ்ட்ராப் சாயாமல் தட்டையாக உட்கார அது உதவுகிறது.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் இருக்கும் கம்பெனி ரிவெட்தான் அளவுகோல். உங்கள் தலை அதே அகலம், அதே வட்டம், விளிம்பில் விரிசல் இல்லை என்றால் கண் சோதனை முடிந்தது. அடுத்தது கை. செயினை ஒரு விரலில் தொங்கவிட்டு, இணைப்பை மடக்கி விடுங்கள். மற்ற கணுக்களைப் போலத் தன் எடையிலேயே தொங்கி நேராக வேண்டும். மடங்கிய நிலையிலேயே நின்றால் இறுக்கம் அதிகம். பக்கவாட்டில் ஆட்டும்போது ஸ்ட்ராப் கிலுகிலுத்தால் இன்னும் சில சுற்று தேவை.

லேசான இறுக்கம் எண்ணெய் விட்டுப் பலமுறை மடக்கினால் விட்டுவிடும். அதற்கும் மசியாததைப் பிரேக்கரில் தள்ளிவிட்டுப் புதிய பிரீசெட் போடுங்கள். இறுகிய கணுவை "ஓடினால் சரியாகிவிடும்" என்று மெஷினில் ஏற்றுவது கூடாது. ஸ்பிராக்கெட்டையும் பாரின் மூக்கையும் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது வளைய மறுக்கும்; ஒரு நாள் ஒடியும்.

சுத்தியலால் தட்டி ரிவெட் அடித்தால் என்ன? என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

உருண்டைத் தலைச் சுத்தியலும் பொறுமையும் உள்ள கை தேர்ந்தவர் அடித்த இணைப்பு தாங்கும், மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், நூறு பேர் அடித்தால் அவர் ஒருவர்தான் அப்படி அடிப்பார். அடி ஒரு பக்கம் விழுந்தால் தலை கோணலாகும். பலமாக விழுந்தால் ரிவெட்டின் உடலே பருத்து டிரைவ் லிங்கைக் கவ்வும், அல்லது விளிம்பு வெடிக்கும். இந்த ரிவெட்டின் நடுப்பகுதி தேய்மானத்தைத் தாங்குவதற்காகக் கடினப்படுத்தப்பட்டது. முனைகள் மட்டும் விரியும்படி மென்மையாக விடப்பட்டவை. அந்த மென்மை மெதுவாக உருட்டுவதற்கு ஏற்றது.

நடுக்காட்டில் மாட்டிக்கொண்டவருக்குச் சுத்தியல் ஆபத்துக்குப் பாவமில்லை. கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய என்ன அவசியம்?

கழற்றிய ரிவெட்டைத் திரும்பப் போடலாமா?

கூடாது. அதன் முனை ஒரு முறை விரிந்து, பஞ்சால் நசுங்கி வெளியே வந்திருக்கிறது. மறுபடி விரிய அதில் உலோகம் இல்லை.

பைக் செயின் கட்டரால் இந்த வேலையைச் செய்ய முடியாதா?

பஞ்ச் அளவும் பொருந்தாது, தாங்கலும் பொருந்தாது. பைக் செயினில் போடும் லாக் கிளிப்பையும் இங்கே நினைக்காதீர்கள்.

ஆணியில் பட்டு நான்கு பல் போய்விட்டது. செயினைத் தூக்கிப் போடவா?

வடசென்னையில் இந்தக் கேள்வி ஓயாது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்திலும் பூவரசிலும் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணி, சீரியல் பல்பு கட்டிய கம்பி, எப்போதோ சுற்றிய கேபிள் எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களை அறுத்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

செயின் புதிது, போனது நான்கைந்து பல் என்றால் மாற்றலாம். இந்தக் கருவிகள் சோறு போடும் இடமே அதுதான். இடத்துக்கு இடப்பல், வலத்துக்கு வலப்பல். ஒவ்வொரு பல்லுக்கும் எதிரே புதிய பிரீசெட். மாற்றிய பிறகு புதிய பல்லை அரத்தால் பழைய பற்களின் நீளத்துக்கும் உயரத்துக்கும் தேய்த்து இறக்க வேண்டும். முன்னால் உள்ள கட்டையையும் அப்படியே. இதைச் செய்யாவிட்டால் அந்த ஒரு பல் மட்டும் மரத்தைக் கவ்வி இழுக்கும், மெஷின் உதறும். .325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8-க்கு 5.2 அல்லது 5.5 மி.மீ.

பாதிக்கு மேல் தேய்ந்த செயின் என்றால் உழைப்பு வீண். நல்ல பற்களைக்கூட எடுத்து வைக்க வேண்டாம், போட்டுவிடுங்கள்.

செயின் நீண்டுவிட்டது. ஒரு லிங்கை எடுத்துவிட்டுக் கோர்க்கலாமா?

எஃகு இழுபட்டு நீள்வதில்லை. ரிவெட்டும் துளையும் தேய்ந்து, ஒவ்வொரு கணுவிலும் மயிரிழை இடைவெளி கூடியிருக்கிறது. அப்படியென்றால் பிட்சே மாறிவிட்டது. லிங்கை எடுத்தால் செயின் பாரில் இறுக்கமாக உட்காரும். ஆனால் ஸ்பிராக்கெட்டின் பல்லும் செயினின் கணுவும் ஒத்துப்போகாது. ஸ்பிராக்கெட் தேயும், தேய்ந்த ஸ்பிராக்கெட் அடுத்த புதுச் செயினையும் கெடுக்கும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது நல்ல வழக்கம். அதில் அரை மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் தொய்வது வேறு. அது கணுக்கள் பதிவது. மெஷினை நிறுத்தி, செயின் ஆறியதும் டென்ஷன் வைத்தால் போதும்.

நாமே கோர்த்த செயின் ஓடும்போது அறுந்தால்?

முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அறுந்த முனை சாட்டைபோல வீசும்போது ஒரு துண்டு பிய்ந்து தோட்டாவாகப் பறக்கக்கூடும். காட்டில் ஓடும் பெரிய அறுவடை இயந்திரங்களில்தான் இந்த ஆபத்து மிகுதி. கை மெஷினில் அரிது. அறுந்த செயினைப் பிடிப்பதற்காகவே மெஷினின் அடியில் ஒரு கொக்கி இருக்கிறது. அது உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கோர்த்த செயினை முதல் முறை ஓட்டும்போது பாரின் நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள். சில நிமிடம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, இணைப்பை மறுபடி பாருங்கள்.

காசிமேட்டில் கடை. ரீல் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, என்ன செய்வது?

உப்புக்காற்றுக்கு ரீலின் அட்டைப்பெட்டி ஒரு பொருட்டல்ல. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, வெட்டிய முனையில் எண்ணெய் தடவி வையுங்கள். கோர்த்த செயினைப் பாருக்கு விடும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துத் தொங்கவிட்டால் ரிவெட்டுக்குள்ளும் எண்ணெய் இறங்கும். முதல் ஓட்டத்துக்கும் அதுவே நல்லது. வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயில் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உலோகத் தூளே கணுவைத் தேய்க்கும். பிரீசெட்டுகளை ரகம் எழுதிய சிறு டப்பாக்களில் தனித்தனியாக வையுங்கள். கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது கடினம். வெர்னியரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்து உட்கார வேண்டியதுதான்.